எல்லைக்கல்லைத் தாண்டிய பேர்ஸ்

ஹீன்எல்ல ஊரில் விருந்தாளிகள் தங்குகிற வீடுகள் எட்டு இருந்தன. ஒன்பதாவதாகத் தன் வீட்டையும் சேர்த்துக்கொள்ளும்படி ரத்தினம்மா நான்கு வருசம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் சேர்த்தார்கள். சேர்த்த நேரம் பார்த்து விருந்தாளிகள் வருவது நின்றுபோனது.

கண்டியில் பன்விலை பஸ் ஏறி, பன்விலையில் ஓட்டோ பிடித்து, “இதுக்கு மேல வண்டி ஏறாது” என்று ஓட்டோக்காரர் இறக்கிவிடும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் அந்த ஊர். கீழே சிங்களக் கிராமமும் வயலும் கித்துள் மரங்களும். அதற்கு மேலே, கொழுந்து எடுப்பாரில்லாமல் மரமாக வளர்ந்துவிட்ட தேயிலை மலை. அதன் நடுவே மிஞ்சி நிற்கும் ஒரே ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய கட்டடம். லயத்துக்கு மேலே காடு. காட்டுக்குள்ளே அருவி. ஹீன்எல்ல என்றால் சிங்களத்தில் மெல்லிய அருவி என்று அர்த்தம். லயத்து ஆட்களுக்கு அது கன்னிமார் அருவி. அதன் காலடியில் மஞ்சள் பூசிய ஏழு கல் வரிசையாக இருக்கிறது, ஏழும் ஏழு கன்னிமார்.

வடக்கில் சண்டை நின்று சமாதானம் பேசிய காலத்தில் கண்டியிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். ஊரைக் கூட்டிவைத்துப் பேசினார்கள். ஓட்டல் கட்ட வேண்டாம், வருகிறவர்களை உங்கள் வீட்டிலேயே தங்க வையுங்கள், நீங்கள் சாப்பிடுவதையே கொடுங்கள், உங்கள் காட்டையும் அருவியையும் நீங்களே கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்றார்கள். ஊருக்கு அது பிடித்துக்கொண்டது. சுற்றுலாச் சபை என்று ஒன்று அமைத்து, கீழ் ஊர் குணவதியைச் செயலாளராகப் போட்டார்கள்.

அருவிக்கு வழி காட்டுகிற வேலை ரத்தினம்மாவுக்கு வந்தது. அதில் யாரும் போட்டி போடவில்லை. அவளுக்குத் தெரிந்த அளவு அந்த வழி யாருக்கும் தெரியாது. ஆனால் வீட்டில் ஆள் தங்கவைக்க வேண்டுமென்றால் தனிக் கக்கூஸ் வேண்டும் என்றார்கள். லயத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றுதான். கண்டிக் கடையொன்றில் மூட்டை தூக்கும் அவள் புருசன் ராஜலிங்கம் லீவுக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொரு வரிசையாகக் கல் வைத்து ஒன்றரை வருசத்தில் கக்கூஸைக் கட்டி முடித்தான். பிறகு ஜன்னல் வேண்டும் என்றார்கள். லயத்துக் காம்பராவுக்கு ஜன்னல் ஏது? சுவரை இடித்து அதையும் வைத்தார்கள். பிறகு கட்டில். பிறகு கொசுவலை. “அடுத்து என்னடி, ரயில் ஸ்டேசன் கேப்பாங்களா?” என்று ராஜலிங்கம் கேட்டான். “கேட்டா அதையுங் கட்டு” என்றாள் ரத்தினம்மா.

அவளுக்கு அந்த அருவி வெறும் அருவி அல்ல.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம், தமிழரைத் தேடி லொறிகளில் வெளியாட்கள் வருகிறார்கள், லயத்தைக் கொளுத்தப்போகிறார்கள் என்று குணவதியின் தகப்பன் ஆள் அனுப்பிச் சொன்னார். அப்போது ரத்தினம்மாவுக்கு இருபத்தாறு வயது. கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அப்பா, அம்மா, புருசன், பக்கத்துக் காம்பராக்காரர்கள் என்று இருபத்தெட்டுப் பேர் காட்டுக்குள் ஏறி அருவியின் காலடியில் பாறைக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. தேடி வந்தவர்களின் பேச்சுச் சத்தம் ஒருமுறை வெகு கிட்டக் கேட்டது. ஆனால் அருவியின் இரைச்சலில் குழந்தையின் அழுகை அவர்கள் காதில் விழவில்லை. கன்னிமார்தான் பிள்ளையின் குரலைத் தங்கள் சத்தத்துக்குள் வாங்கி மறைத்தார்கள் என்பதில் ரத்தினம்மாவுக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை.

அதனால்தான் அவள் ஒரு விசயத்தில் மட்டும் எந்த விருந்தாளிக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அருவிக்கு அரை மைல் முன்னால் வழியோரம் ஓர் எல்லைக்கல் நிற்கிறது. அதைத் தாண்டித் தோல் சாமான் எதுவும் போகக்கூடாது. செருப்பு, சப்பாத்து, பெல்ட், பேர்ஸ் எதுவும். பெரியவர்கள் காலத்துக் கட்டு அது. கீழ் ஊர்ச் சிங்களவர்களும் அதை மீறுவதில்லை. முதலில் எல்லாவற்றையும் எல்லைக்கல்லடியிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பேர்ஸைக் குரங்கு தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறி, உள்ளே இருந்த கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பதுபோலப் பார்த்துப் பார்த்துக் கீழே போட்டது. அன்றிலிருந்து சப்பாத்தும் செருப்பும் மட்டும் கல்லடியில். பெல்ட்டும் பேர்ஸும் ரத்தினம்மாவின் அலுமாரியில் பூட்டப்படும். திறப்பு அவள் இடுப்பில்.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. கொழும்பில் குண்டு, ரோட்டில் சோதனை, பஸ்ஸில் சோதனை. வெள்ளைக்காரர்கள் வரவில்லை. கொழும்புக்காரர்களும் வரவில்லை. கொசுவலை கட்டிலின் மேல் கட்டினபடியே தூசி பிடித்தது.

இரண்டாயிரத்து ஏழு, தைப்பொங்கல் முடிந்து இரண்டாவது வாரம், குணவதி மேலே ஏறி வந்தாள்.

“ரத்னா, உன் வீட்டுக்கு ஆள் வருகிறது. தமிழ் ஆட்கள். புருசனும் பெண்சாதியும். கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறார்களாம். சொந்த ஊர் யாழ்ப்பாணம்” என்றாள் சிங்களத்தில்.

யாழ்ப்பாணம் என்றதும் மற்ற எட்டு வீடும் கையை விரித்திருக்கும் என்பது ரத்தினம்மாவுக்கு விளங்கியது. விளங்கினாலும் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. எந்த வழியாக வந்தால் என்ன, வீடு தேடி ஆள் வருகிறார்கள். இரவோடிரவாகக் கொசுவலையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

வந்தவர் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. அறுபத்திரண்டு வயது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் வரைகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்டார்கள். மனைவி கமலாசனி, மெலிந்த உடம்பு, கையில் கறுப்புக் கைப்பை. மேட்டில் ஏறும்போது ரத்தினம்மா முன்னால் போய்ப் போய் நின்றாள்.

“வாங்கம்மா, இன்னுங் கொஞ்சந்தான்.”

“பிள்ளை, நீங்கள் கீழேயிருந்து உதைத்தானே சொல்லிக்கொண்டு வாறியள்” என்றாள் கமலாசனி, மூச்சு வாங்க. “உங்கடை கொஞ்சத்துக்கு ஒரு முடிவு இல்லையோ?”

“இஞ்சேரும், மலை எண்டால் மேலைதானே போகும்” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

“உங்களுக்கென்ன, ஆசைப்பட்டது நீங்கள். கால் நோகிறது எனக்கு.”

இரவு பலத்த காற்று வீசியது. தேங்காய் ரொட்டியும் கட்டைச்சம்பலும் பிளேன்ரீயும் கொடுத்தாள். அவர் அடுப்படியிலேயே வந்து குந்தியிருந்து சாப்பிட்டார். ஏன் இந்தக் குளிரில் அருவி பார்க்க வந்தார் என்பதை அப்போதுதான் சொன்னார்.

“முப்பத்திரண்டு வருசம் ஆறு கீறினனான், பிள்ளை. கடதாசியிலை. எங்கடை ஊரிலை ஆறே இல்லை, கிணறுதான். ஆறு துடங்கிற இடத்தைக் கண்ணாலை ஒருக்கால் பாக்க வேணும். உந்த அருவித் தண்ணி மகாவலியிலைதான் போய் விழுகுது. நானே கீறியிருக்கிறன், ஒரு சின்னக் கோடு.”

“கோடு இல்லீங்கய்யா. நாளைக்குப் பாருங்க” என்றாள் ரத்தினம்மா.

மறுநாள் பதினோரு மணிக்குப் புறப்படும்போது வழக்கம்போலக் கட்டுப்பாட்டைச் சொன்னாள். “ஐயா, பெல்ட்டு, பேர்சு, தோல்ல உள்ளது எல்லாத்தையும் இங்கனயே வச்சிருங்க. கன்னிமாருக்கு ஆகாது.”

“பெல்ட்டைக் கழட்டினால் காற்சட்டை நிக்காதே.”

“சணல் கயிறு தர்றேங்க.”

“வேட்டியைக் கட்டுங்கோ எண்டு தலைப்பாடா அடிச்சனான், கேட்டால்தானே” என்று சிரித்தாள் கமலாசனி. தன் கைப்பையைத் தடவிக் காட்டி, “இது தோல் இல்லை, றெக்சீன்” என்றாள். ரத்தினம்மா முகர்ந்து பார்த்துவிட்டுச் சரி என்றாள். ஸ்ரீஸ்கந்தராசா பெல்ட்டையும் பருத்த கறுப்புப் பேர்ஸையும் பயபக்தியோடு எடுத்து நீட்டினார். அவள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

சமாதான காலத்தில் நாலு வருசம் செய்த வேலை அது. கை பழகியிருந்தது. அந்தப் பேர்ஸுக்குள்ளேதான் அவருடைய அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கும் என்பதும், அவை இல்லாமல் ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாத காலம் இது என்பதும் அவள் மனத்தில் உறைக்கவில்லை. அவருக்கும் உறைக்கவில்லை. காட்டுக்குள்ளே கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் மூவரும் நினைத்தார்கள்.

எல்லைக்கல்லில் செருப்புகளைக் கழற்றி வைத்து, வெறுங்காலோடு மெதுமெதுவாக நடந்து, பிற்பகல் ஒன்றரை மணிக்கு அருவிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி வளைவில் திரும்பியதும் தண்ணீர் தெரிந்தது. உச்சிப் பாறையிலிருந்து ஒரே துணியாகத் தொங்கி, நடுவில் ஒரு திட்டில் பட்டு இரண்டாகப் பிரிந்து, கீழே வந்து மறுபடி சேர்ந்துகொண்டது. ஸ்ரீஸ்கந்தராசா அப்படியே நின்றுவிட்டார். கையை மட்டும் உயர்த்தி விரலால் காற்றில் எதையோ கீறினார்.

ரத்தினம்மா அருவியைப் பார்க்கவில்லை. ஏழு கல்லையும் பார்த்தாள். நடுக் கல்லின் மேல் ஒரு பச்சைச் சட்டை காயப்போட்டிருந்தது. பக்கத்தில் மூன்று சோடிச் சப்பாத்து.

அருவிக்கு மேலே தண்ணீரில் ஓடும் ஒரு சின்ன மின்சார நிலையம் இருந்தது. மறுபக்கத்து ரோட்டிலிருந்து அதற்குப் பாதை. யாராவது வெடி வைத்துவிடுவார்கள் என்று பத்து நாளைக்கு முன்னால் அங்கே காவல் போட்டிருக்கிறார்கள். விருந்தாளி இல்லாத மாதங்களில் ரத்தினம்மா மேலே ஏறாததால் அது அவளுக்குத் தெரியாது. பாறைக்குப் பின்னாலிருந்து மூன்று பேர் எழுந்து வந்தார்கள். ஒருவன் இராணுவக் கோப்ரல். மற்ற இருவரும் ஊர்காவல் படை. அதில் ஒருவன் கீழ் ஊர்ப் பையன் சுனில்.

கோப்ரல் கேட்ட முதல் கேள்வியே அடையாள அட்டைதான்.

ரத்தினம்மா தன் சட்டைக்குள்ளிருந்த துணிச் சுருக்குப்பையை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தாள். கமலாசனி கைப்பைக்குள் துழாவி எடுத்துக் கொடுத்தாள். கோப்ரல் அதைத் திருப்பிப் பார்த்தான். பிறந்த இடம் என்ற வரியில் அவன் கண் நின்றது. பிறகு ஸ்ரீஸ்கந்தராசாவின் பக்கம் கையை நீட்டினான். அவர் காற்சட்டைப் பையைத் தொட்டார். மற்றப் பையைத் தொட்டார். சணல் கயிற்றைத் தொட்டார். அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விசயம் விளங்கியது.

“ஐயோ, அலுமாரி” என்றாள் ரத்தினம்மா.

அவளுக்குத் தெரிந்த சிங்களம் கொழுந்து மலைச் சிங்களம். அதில் எல்லாவற்றையும் சொன்னாள். கன்னிமார், தோல், எல்லைக்கல், பேர்ஸ். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கட்டின கதைபோலக் கேட்டது. கோப்ரல் தன் காலைப் பார்த்தான். பிறகு காய்ந்துகொண்டிருந்த சப்பாத்துகளைப் பார்த்தான்.

“சாமிக்காக ஐடின்டியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாராக்கும். வேறு கதை இல்லையா அம்மே?”

“சுனில் மல்லி, நீ சொல்லு தம்பி. நம்ம ஊர்க் கட்டுத்தானே இது?”

சுனில் தரையைப் பார்த்தபடி, “கட்டு இருக்கிறது, சேர். இந்த அக்காவையும் தெரியும். அந்த ஆளைத் தெரியாது” என்றான். அவன் சொன்னது உண்மைதான். அதற்குமேல் சொல்ல அவனுக்குப் பயம்.

அந்தக் கோப்ரல் கெட்டவன் என்று ரத்தினம்மா பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. இருபத்துநாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். தூக்கமில்லாத கண். “மேலே ரோட்டுக்கு நாலு மணிக்குச் சாப்பாட்டு ட்ரக் வரும். அட்டை இல்லாதவரை அதில் ஏற்றி முகாமுக்கு அனுப்ப வேண்டும். எனக்குள்ள உத்தரவு அது. விட்டால் என் தலைதான் போகும்” என்றான். முகாமுக்குப் போனவர்கள் எத்தனை மாதம் கழித்து வந்தார்கள், வராமலே போனவர்கள் யார் யார் என்பதெல்லாம் அந்த வருசம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கமலாசனி புருசனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு பொய் ரத்தினம்மாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என் அண்ணன் என்று சொல்லிவிடலாமா? லயத்து ஆள் என்றால் இவ்வளவு கெடுபிடி இராது. ஆனால் மனைவியின் அட்டை அவன் கையில் இருக்கிறது. அதுவும் போக, ஏழு கல்லுக்கு முன்னால் நின்று பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

“நான் போய் எடுத்தாரேன். நாலு மணிக்குள்ள வந்துர்றேன்.”

“நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன உத்தரவாதம்?”

“எங்க சேர் போவேன்? என்னோட ஐடின்டி உங்க கையிலதானே இருக்கு. அதை வச்சுக்கங்க.”

அந்த அட்டை அவளுக்கு நாற்பத்தேழாம் வயதில் கிடைத்தது. அவள் தாயும் இந்த மலையில்தான் பிறந்தாள், அவளும் இந்த மலையில்தான் பிறந்தாள். ஆனாலும் கடல் கடந்து வந்த வம்சம் என்பதால், புதுச் சட்டம் வந்து பிரசாவுரிமை என்று ஒரு கடதாசியை நீட்டும் வரைக்கும் அவள் எந்த நாட்டு ஆளும் இல்லை. அட்டை வந்த நாளிலிருந்து குளிக்கும் நேரம் தவிர அதை உடம்பை விட்டு எடுத்ததில்லை. அதைக் கோப்ரல் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினான். மணி இரண்டு அடிக்க ஐந்து நிமிசம்.

“பிள்ளை,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. “விழுந்து கிழுந்து போகாதேயும். ஆறுதலாய்ப் போட்டு வாரும். நாங்கள் இஞ்சைதான் இருக்கிறம்.”

அவள் ஓடினாள். ஐம்பது வயதுக்காரி, கொழுந்துக் கூடை சுமந்து சுமந்து வலது முழங்கால் தேய்ந்தவள். இறக்கத்தில் ஓடும்போது அந்த முழங்கால் ஒவ்வொரு படிக்கும் குத்தியது. எல்லைக்கல்லடியில் செருப்பை மாட்ட நேரமில்லாமல் வெறுங்காலோடே தாண்டினாள். வாய் மட்டும் தாயே, தாயே என்றது. தன்மீதே கோபம் வந்தது. சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன், மனிதனுக்குச் செய்ய வேண்டியதை மறந்தேனே என்று நினைத்தாள்.

வீட்டை அடைந்து அலுமாரியைத் திறந்து பேர்ஸை எடுத்தாள். அட்டையை மட்டும் உருவிக்கொண்டு பேர்ஸை வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்துத்தான் திறந்தாள். உள்ளே அடுக்கடுக்காகக் கடதாசி. பென்சன் துண்டு, ஆஸ்பத்திரித் துண்டு, பழைய அலுவலக அட்டை ஒன்று, அதிலும் அவர் படம். பாஸ் போலப் பச்சையாக இன்னொன்று. எல்லாம் சிங்களத்திலும் இங்கிலீசிலும். ரத்தினம்மா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் தவிர வேறு எழுத்துத் தெரியாது. எதை எடுப்பது, எதை விடுவது? ஒன்றை விட்டுவிட்டுப் போய், அதுதான் வேண்டும் என்று அவன் சொன்னால்? இன்னொரு தரம் இறங்கி ஏற நேரம் இல்லை. கமலாசனியின் சேலைகளுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. கடதாசிகளை அதில் கொட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். காற்றும் மழைத் தூறலுமாக இருந்தது, ஒன்று பறந்தாலும் போச்சு. அவர் வைத்தது வைத்தபடியே இருக்கட்டும் என்று பேர்ஸோடு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஏற்றத்தில் ஓட முடியவில்லை. கையை முழங்காலில் ஊன்றி ஊன்றி ஏறினாள். காட்டுக்குள் நுழைந்தபோது பனிப்புகார் இறங்கி வழி மறைந்தது. கால்தான் வழி கண்டுபிடித்தது. எல்லைக்கல் தெரிந்ததும் தன்னையறியாமல் நின்றுவிட்டாள்.

ஐம்பது வருசத்தில் அவள் ஒரு தோல் நாடாவைக்கூட இதைத் தாண்டிக் கொண்டுபோனதில்லை. வெள்ளைக்காரரின் கமராப் பட்டியைக்கூடக் கழற்ற வைத்தவள். இப்போது முந்தானையில் ஒரு முழுப் பேர்ஸ். சப்பாத்துப் போட்டுக்கொண்டு போன அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டு தெரியாது, அவர்களைத் தாய்மார் மன்னிப்பார்கள். தெரிந்தே மீறுகிறவளை?

அப்போது அவளுக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பா தேயிலைப் பெக்டரியில் இராக்காவல்காரர். எண்பத்து மூன்றில் காவலில் நின்றபடியே ஓடி வந்தவர். இடுப்பில் நாலு விரல் அகலத்துக்குப் பித்தளைக் கொக்கி போட்ட தோல் பெல்ட். அந்தப் பெல்ட்டோடுதான் இரண்டு நாளும் அவர் அந்தப் பாறைக்குப் பின்னால் இருந்தார். பேத்தியை மடியில் வைத்திருந்தபோது அந்தக் கொக்கி பிள்ளையின் காலில் பட்டு அது வீறிட்டது. அவள்தான் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். இருபத்துநாலு வருசமாக இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். பெல்ட்டை மட்டும் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பயந்து வந்தவர்களிடம் அன்றைக்குத் தாய்மார் எதையும் கேட்கவில்லை.

“தெரிஞ்சுதான் கொண்டாறேன், தாயே. கோவிக்கிறதா இருந்தா என்மேல கோவிச்சுக்கங்க. அந்த மனுசன்மேல வேணாம்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டு அவள் கல்லைத் தாண்டினாள்.

அருவியடிக்கு வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. மேலே ட்ரக்கின் உறுமல் கேட்டது. மின்சார நிலையத்துக்கு ஏறும் படிகளில், புகாருக்குள், வரிசையாக மூன்று நான்கு உருவங்கள். கடைசியில் போவது கமலாசனி. அருவிச் சத்தத்தில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. ரத்தினம்மா படியில் கையும் காலுமாக ஏறி, கடைசியாகப் போனவளின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

கமலாசனி திரும்பிப் பார்த்துவிட்டு, “இஞ்சேருங்கோ! வந்திட்டா! வந்திட்டா!” என்று கூவினாள்.

கோப்ரல் ட்ரக் வெளிச்சத்தில் வைத்து அட்டையைப் பார்த்தான். பொலிஸ் பதிவைப் பார்த்தான். பச்சைப் பாஸைப் பார்த்தான். மூன்றையும் அவனேதான் கேட்டு வாங்கினான். மூன்றும் இருந்தன. ட்ரக்கில் வந்த மேலதிகாரியிடம் ஏதோ சொன்னான். அவர் கையை ஆட்டினார். ட்ரக் அரிசி மூட்டையையும் மரக்கறியையும் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

கோப்ரல் சட்டைப் பைப் பொத்தானைத் திறந்து ரத்தினம்மாவின் அட்டையைக் கொடுத்தான். “இனிமேல் யார் வந்தாலும் பேரை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். பொறுப்பேற்க ஒரு ஆள் கையெழுத்துப் போட வேண்டும்” என்றான். அப்புறம் சுனிலைப் பார்த்து, கல்லின் மேலே கிடந்த சட்டையை எடுக்கச் சொன்னான்.

மூவரும் இறங்கி வந்தார்கள். எல்லைக்கல்லடியில் செருப்பைத் தேடி மாட்டும்போது ரத்தினம்மா உடைந்துபோய், “என்னாலதாங்கய்யா இம்புட்டும். நாந்தான் கழட்டி வைக்கச் சொன்னேன்” என்றாள்.

“உது என்ன கதை? காசு குடுத்து வாறவைக்கு அரை மணித்தியாலம்தான் காட்டுவியள். எனக்கு மூண்டு மணித்தியாலம் இருத்தி வச்சுக் காட்டினவங்கள். அருவியை இப்பிடிப் பாத்தவன் வேறை ஆர்?” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

“இந்தாளுக்குப் பகிடி” என்றாள் கமலாசனி. பிறகு அந்தக் கல்லிலேயே சாய்ந்துகொண்டு, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். ரத்தினம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

தோல் பேர்ஸ் மேலே போன செய்தி லயத்துக்குள் பரவாமல் இருக்குமா? பக்கத்துக் காம்பராக்காரி, “நீயே இப்படிச் செஞ்சா மத்தவங்கள எப்படிச் சொல்லுவ?” என்று கேட்டாள். ரத்தினம்மா அப்பாவின் பெல்ட்டைப் பற்றிச் சொன்னாள். கேட்டவள் யோசித்துவிட்டு, “ஆமா, எங்க வீட்டாளும் செருப்போடதான் ஓடி வந்தாரு” என்றாள். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாக மேலே போய்ப் பொங்கல் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. குணவதி நடந்ததைச் சொன்னாள். கோப்ரல் கேட்ட கையெழுத்தைப் பற்றியும் சொன்னாள். பின்வரிசையில் இருந்த ஒருவர், “வடக்கு ஆட்கள் இனி வேண்டாம் என்று எழுதிவிடலாம். நமக்கு ஏன் வம்பு? இந்தத் தடவை தப்பியது அவர்கள் அதிர்ஷ்டம்” என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். குணவதி பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ரத்தினம்மா அந்தச் சபையில் நாலு வருசமாக இருந்தும் கேட்டதற்குப் பதில் சொன்னதைத் தவிர ஒன்றும் பேசியதில்லை. அன்றைக்கு எழுந்து நின்றாள்.

“தப்பு அந்த ஐயா செய்யல. நான் செஞ்சேன். எழுதுறதா இருந்தா ரத்தினம்மா தப்புச் செஞ்சான்னு எழுதுங்க, குணவதி நோனா. வடக்கு ஆளு வேணாம்னு எழுதாதீங்க. எண்பத்து மூணுல நாங்க இருவத்தெட்டுப் பேரு ஓடி வந்தப்ப உங்கப்பா அப்படிச் சொல்லலியே.” சிங்களத்தில் சொல்லத் தெரிந்ததைச் சிங்களத்திலும் தெரியாததைத் தமிழிலும் சொன்னாள்.

குணவதி எழுதாமல் பேனாவை வைத்தாள். “சரி ரத்னா. ஆனால் கையெழுத்து? அவர்களுக்காக யார் போடுவது? ஏதாவது நடந்தால் போட்டவரைத்தான் பிடிப்பார்கள்.”

பின்வரிசைக்காரர் தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

“நான் போடுறேன்” என்றாள் ரத்தினம்மா.

சண்டை முடியும் வரைக்கும் அந்த ஊருக்கு வடக்கிலிருந்து நாலே நாலு குடும்பம் வந்தது. நாலும் ரத்தினம்மா வீட்டில்தான் தங்கியது. பத்மாதேவி என்ற ஓய்வுபெற்ற நேர்ஸம்மாவும் அவர் தங்கையும் வந்த அன்று, அருவியடியில் வேறு கோப்ரல் இருந்தான். வீட்டிலிருந்து புறப்படும்போதே ரத்தினம்மா வந்தவர்களின் கையில் அடையாள அட்டைகளை எடுத்துக் கொடுத்திருந்தாள். “பேர்சு இங்க இருக்கட்டும்மா. இதை மட்டும் கையில வச்சுக்கங்க, விட்றாதீங்க.” பெயர்ப் பட்டியலை விரித்துப் பார்த்த கோப்ரல், கடைசியில் தமிழில் இருந்த கையெழுத்தைச் சுட்டி, “இது யார்?” என்று கேட்டான்.

“நாந்தான் சேர். இவங்களுக்கு நாந்தான் பொறுப்பு.”

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழியை விட்டான். நேர்ஸம்மாவும் தங்கையும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கையைக் கோத்துக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போனார்கள். பாசி பிடித்த பாறை எது, காலை வைக்கக்கூடிய பாறை எது என்று காட்டுவதற்காக ரத்தினம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் இறங்கினாள்.